ஸ்கேன் செய்த மெயில்கள்: பூஜ்ஜியம்

மரக்காணத்தில் ஆதிமூலத்தின் உப்பளத்து ஆபீசுக்குள் நுழைய வேண்டுமானால் கால் கழுவ வேண்டும். அந்த ஊரில் கோயிலுக்குக்கூட இவ்வளவு கண்டிப்பு கிடையாது. வாசலில் ஒரு சிமெண்ட் தொட்டி, அதன் விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் ஜக்கு. உப்புக் காலோடு யாராவது வாசற்படியை மிதித்தால் ஹசீனா நாற்காலியைவிட்டு எழுந்து நின்றுவிடுவாள். மூன்று கீபோர்டும் ஒரு பிரிண்டரும் துருப்பிடித்துச் செத்ததைக் கண்ணால் பார்த்தவள் அவள். அதனால் லாரி டிரைவரானாலும் மேஸ்திரியானாலும் வாயைத் திறக்காமல் கழுவிவிட்டு வருவார்கள். முதலாளி ஆதிமூலம் மட்டும் உள்ளே வரவே மாட்டார். சன்னலுக்கு வெளியே நின்று, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். கழுவச் சோம்பல் என்று வேலையாட்கள் கேலி பேசுவார்கள். அது இல்லை காரணம். அந்த அறையையும் மேசையையும் கம்ப்யூட்டரையும் ஏற்பாடு செய்தது அவர் மகள் நிவேதா. அவள் வீட்டைவிட்டுப் போய் நாலு வருஷம் ஆகிறது.

நிவேதா போன பிறகு ஆபீசைப் பார்த்துக்கொள்வது அவள் அம்மா விஜயலட்சுமி. மெயில் பார்ப்பது, லோடு விவரம் அடிப்பது, பிரிண்ட் எடுப்பது எல்லாம் ஹசீனா. கோட்டக்குப்பத்திலிருந்து தினமும் ஈசிஆர் பஸ்ஸில் வந்து போகிறாள். கணவன் முஜீப் ரஹ்மான் ஷார்ஜாவில். ஆறு வருஷத்தில் ஹசீனா வேலையில் ஒரு தப்பு செய்ததில்லை. செய்தது ஒன்றே ஒன்று, அது போன மாதம். அந்த ஒன்று நூறு தப்புக்குச் சமானமாகப் போயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல வருஷமாக உப்பு வாங்கும் பெங்களூர் வியாபாரி ஒருவர் பெயரில் மெயில் வந்தது. 'இத்துடன் உள்ளதைப் பார்த்து ஓனரிடம் கொடுக்கவும்' என்று இங்கிலீஷில் ஒரே வரி. கூட ஒரு ஃபைல். ஹசீனா திறந்தாள்.

ஏன் திறந்தாள் என்று புரிய வேண்டுமானால் கோட்டக்குப்பத்தைத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே தெருவுக்குப் பத்துப் பேர் அரபு நாட்டில். லீவு முடிந்து ஒருவர் கிளம்புகிறார் என்றால் தெருவே பொட்டலத்தோடு வந்து நிற்கும். மகனுக்கு ஊறுகாய், வீட்டுக்காரருக்கு இருமல் மருந்து, மச்சானுக்கு அல்வா. கொண்டுபோகிறவர் மூடின பொட்டலத்தை வாங்க மாட்டார். கொடுத்தவர் எதிரிலேயே பிரித்து, அல்வாவைக் கரண்டியால் கிளறி, ஊறுகாயை அடிவரை துழாவிப் பார்த்துவிட்டுத்தான் தன் கையால் மூடி டேப் ஒட்டுவார். ஏர்போர்ட்டில் அகப்பட்டால் அடுத்த பத்து வருஷம் ஜெயிலில் என்ற பயம்தான். இதில் யாருக்கும் வருத்தம் கிடையாது. பிரிக்காமல் வாங்குகிறவனைத்தான் விவரம் பத்தாதவன் என்பார்கள். முஜீபின் பெட்டிக்கு வரும் பொட்டலங்களைப் பிரிப்பதும் ஒட்டுவதும் கல்யாணமான நாளிலிருந்து ஹசீனாவின் பொறுப்பு. ஒட்டின பழுப்பு டேப்பின் மேல், பாதி டேப்பிலும் பாதி அட்டையிலும் விழும்படி, குறுக்காகத் தன் பெயரை எழுதுவாள்.

ஆக, ஒன்றைக் கொடுத்து இன்னொருவரிடம் சேர்க்கச் சொன்னால் அவள் கை தானாகப் பிரித்துவிடும். பிரித்தது. பெங்களூர்க்காரர் அந்த மெயிலை அனுப்பவே இல்லை. அவர் பெயரைப் போட்டுக்கொண்டு எவனோ அனுப்பியது. மத்தியானத்துக்குள் கம்ப்யூட்டரில் இருந்த அத்தனை ஃபைலும் பூட்டிக்கொண்டது. திரையில் ஒரு மிரட்டல் மட்டும் நின்றது. பெரிய முதலியார்சாவடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் திருமுருகன் வந்து ஒரு மணி நேரம் குடைந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ஒண்ணும் தேறாதுங்க. அழிச்சிட்டுப் புதுசா போடறதுதான்."

ஆதிமூலம் சன்னலில் நின்று சத்தம் போட்டார். லோடு விவரம் எங்கே, ஆள் பட்டியல் எங்கே என்று கேட்டார். ஹசீனா தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். விஜயலட்சுமி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூட ஹசீனாவுக்கு ஆறியிருக்கும். அந்த மெஷினில் உண்மையில் என்ன போயிற்று என்று தெரிந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

போனது நிவேதாவின் நாற்பத்தொரு மெயில்.

நிவேதா கட்டிக்கொண்டது சரத்குமாரை. இதே உப்பளத்தில் மூட்டை ஏற்றியவரின் மகன், அவளோடு காலேஜில் படித்தவன், வேறு ஜாதி. அவர்கள் புனேவுக்குப் போன அன்று ஆதிமூலம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். மூன்று நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. அவரைச் சாப்பிட வைப்பதற்காக விஜயலட்சுமி கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தாள்: அவளோடு பேசமாட்டேன், அவளுக்கு எழுதமாட்டேன். வீட்டில் எல்லோர் போனிலும் நிவேதாவின் நம்பர் தடுக்கப்பட்டது. ஆபீஸ் மெயிலை மட்டும் யாரும் நினைக்கவில்லை. அதை ஆரம்பித்து வைத்ததே அவள்தான். அப்பா அந்த அறைக்குள் கால் வைக்கமாட்டார் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன?

மாதத்துக்கு ஒன்று வரும், சில மாதம் தவறும். 'நிவி' என்ற பெயர் திரையில் தெரிந்ததும் ஹசீனா எழுந்து, "அம்மா, உங்களுக்கு ஒண்ணு வந்திருக்குது" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவாள். கீற்று போட்டு மூடிய உப்பு அம்பாரத்தின் நிழலில் நிற்பாள். கூப்பிட்ட பிறகுதான் வருவாள். ஊர்ப் பொட்டலத்தையெல்லாம் துழாவிப் பார்த்தவள், அந்த மெயிலை ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை. விஜயலட்சுமி படிப்பாள், படத்தைப் பார்ப்பாள், முகத்தைத் துடைத்துக்கொள்வாள். பதில் போடமாட்டாள். "எழுத மாட்டேன்னுதான் சத்தியம் பண்ணேன். படிக்க மாட்டேன்னு சொல்லலியே" என்று ஒரு நாள் ஹசீனாவிடம் சொன்னாள். பெரிய வக்கீலுக்குக்கூட இந்த ஓட்டை கண்ணில் பட்டிருக்காது.

மெயில் இறங்கியதும் சர்வரிலிருந்து அழிந்துவிடும்படி பழைய மெஷினில் வைத்திருந்தார்கள். அதனால் மெஷினோடு எல்லாம் போயிற்று. பேத்தி தமிழ்நிலா பிறந்தது, குப்புற விழுந்தது, பல் முளைத்தது, எல்லாம். கேட்டால் நிவேதா மறுபடி அனுப்புவாள். கேட்பதென்றால் எழுத வேண்டும்.

புது மெஷின் வந்தது. ஆதிமூலம் சன்னலில் நின்று கடைசியாகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவ இது படுத்துச்சுன்னா மெஷினும் வேணாம், மெயிலும் வேணாம். எல்லாத்தையும் ஃபோன்ல பாத்துக்கலாம். அந்தப் பொண்ணையும் நிறுத்திடு." அவர் சொன்னால் சொன்னதுதான். ஹசீனாவுக்குத் தன் வேலை போவதைவிட இன்னொன்றுதான் பெரிய கவலை. நிவேதா தட்டக்கூடிய ஒரே கதவு அது.

திருமுருகன் ஆன்டிவைரஸ் போட்டுக்கொடுத்தார். மெயிலில் தலைப்பு மட்டும் இறங்கும்படியும், திறக்கச் சொன்னால்தான் மீதி வரும்படியும் வைத்தார். தெரியாத பேரில் எது கேட்டாலும் ஓகே கொடுக்காதீர்கள், வித்தியாசமாக ஏதாவது தெரிந்தால் இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள் என்றார். "பச்சை டிக் இருக்குது பாருங்க. இனிமே கவலையே வேணாம்."

பச்சை டிக் இருந்தது. ஆனாலும் சூடு கண்டவளுக்குப் பச்சை டிக் போதுமா? ஒன்பதாவது நாள் ஹசீனா அந்த ஆன்டிவைரஸின் ஒவ்வொரு மூலையாகத் திறந்து பார்த்துக்கொண்டே போனாள். உள்ளே ஓர் இடத்தில் பட்டியல் இருந்தது. ஸ்கேன் செய்த ஃபைல்கள் எத்தனையோ ஆயிரம். ஸ்கேன் செய்த மெயில்கள்: 0.

ஒன்பது நாளில் அறுபது மெயிலாவது வந்திருக்கும். ஹசீனா பட்டியலை மூடித் திறந்து மறுபடி பார்த்தாள், அதே சைபர்தான்.

அன்றைக்கென்று பார்த்துத்தான் அது வந்தது. அனுப்பியவர்: நிவி. தலைப்பு: 'ரெண்டு வயசு'. அளவு நாலு எம்பி என்று காட்டியது. படமில்லாமல் நாலு எம்பி இருக்காது. ஹசீனா வழக்கம்போல எழுந்தாள். விஜயலட்சுமி வந்து திரையைப் பார்த்தாள். நாற்காலியில் உட்காரவில்லை.

"வேணாம் ஹசீனா. தொறக்காத."

"நிவிதான் அனுப்பியிருக்குதும்மா."

"அந்தப் பெங்களூராரு பேருலயுந்தான் வந்துச்சு. இதுவும் அவ பேர வெச்சிக்கிட்டு எவனாவது அனுப்பினதா இருந்தா? இந்த மெஷினும் போச்சுன்னா அப்புறம் எதுவும் இல்ல. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்." சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். போகும்போது திரும்பி ஒரு தரம் பார்த்தாள். பசியோடு சாப்பாட்டு இலையிலிருந்து எழுந்து போகிறவள் பார்க்கிற மாதிரி இருந்தது.

அந்தப் பார்வையை ஹசீனாவால் தாங்க முடியவில்லை. திருமுருகனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, உங்க ஆன்டிவைரஸ் ஒரு மெயிலக்கூட பாக்கல. சைபர்னு போட்டிருக்குது."

"அதாவதும்மா, சர்வர்லேர்ந்து உங்க மெயில் புரோகிராமுக்கு மெயில் பூட்டித்தான் வருது. ஆன்டிவைரஸ் நடுவுல நிக்குது. பூட்டின பெட்டி அத தாண்டிப் போவுது. அது உள்ள என்னத்த பாக்கும்?"

"அப்ப காவலுக்கு நிக்கற ஆளு கண்ண மூடிக்கினு நிக்கறாரு."

"ஃபைலா இறங்கினா அப்ப புடிச்சிடும்மா."

"ஊட்டுக்குள்ள வந்தப்புறம் புடிக்கறதும் வாசல்லயே புடிக்கறதும் ஒண்ணாண்ணே?"

"சரி, அப்ப பூட்ட எடுத்துடறேன். ஒரே ஒரு டிக்குதான். எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிடும்."

"பூட்ட எடுத்துட்டா, வர்ற வழியில யாராவது படிக்கலாமா?"

"படிக்கலாம்தான். உப்பு லோடு சமாச்சாரத்த எவம்மா படிக்கப் போறான்?"

ஹசீனாவால் அவரிடம் விஷயத்தைச் சொல்ல முடியாது. தானே படிக்காமல் நாலு வருஷம் வெளியே போய் நின்றதை எவன் எவனோ படிப்பதற்காகத் திறந்துவிட அவளுக்கு மனசு இல்லை. "வேணாம்ணே. பூட்டும் இருக்கணும், பாக்கவும் பாக்கணும். ரெண்டும் வேணும்" என்றாள். இதென்னடா வம்பு என்று திருமுருகன் நினைத்திருப்பார். இருந்தாலும் நல்ல மனுஷன். அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். ஆன்டிவைரஸிலேயே பூட்டின இணைப்பை ஸ்கேன் செய்ய ஓர் இடம் இருக்கிறதாம். அதை டிக் செய்துவிட்டு மெயில் புரோகிராமை மூடித் திறக்கச் சொன்னார்.

ஹசீனா செய்தாள். திறந்ததும் ஒரு எச்சரிக்கை எழும்பி நின்றது. இந்த இணைப்புக்குச் சான்றிதழ் கொடுத்தவர் யாரென்று தெரியவில்லை, உங்களை யாரோ ஏமாற்றலாம், நம்பிக்கை இருந்தால் மட்டும் ஒப்புதல் கொடுக்கவும். ஹசீனா ஒப்புதல் கொடுக்கவில்லை. குனிந்து ஒயரைப் பிடுங்கினாள்.

"ஐயோ, அது ஆன்டிவைரஸ்தாம்மா. ஓகே குடுத்துட்டுப் போங்க" என்றார் திருமுருகன் போனில்.

"தெரியாத பேருல எது கேட்டாலும் ஓகே குடுக்காதீங்கன்னு சொன்னது யாருண்ணே?"

நாளைக்கு நேரில் வருவதாகச் சொல்லிவிட்டுத் திருமுருகன் போனை வைத்துவிட்டார். அன்று முழுக்க மெயில் வரவில்லை. சாயங்காலம் ஆதிமூலம் சன்னலில் வந்து, தூத்துக்குடி ஆள் மெயில் அனுப்பியதாகப் போனில் சொல்கிறான், இங்கே என்ன நடக்கிறது என்று கேட்டார். "மெஷின் படுத்துச்சா?" என்று அவர் கேட்ட குரலில் ஒரு திருப்திகூடத் தெரிந்தது. விஜயலட்சுமிதான் முந்திக்கொண்டு, "நாளைக்கு வந்துடும், போங்க" என்றாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் திருமுருகன் பைக்கில் வந்து இறங்கினார். முகத்தில் சலிப்பு. தொட்டியில் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, இரண்டு பெண்களுக்கும் விளக்க ஆரம்பித்தார்.

"இது இன்னா பண்ணுதுன்னா, சர்வர்கிட்ட பூட்டின பெட்டிய இதுவே வாங்கிக்குது. தொறந்து பாக்குது. அப்புறம் மறுபடி மூடி, தன்னோட சீல வெச்சி உங்க மெயில் புரோகிராமுக்குக் குடுக்குது. மெயில் புரோகிராம் சர்வரோட சீல எதிர்பாத்துக்கினு இருக்குது. வேற சீலா இருக்கவும் கத்துது. அவ்ளோதான் விஷயம்."

ஹசீனா கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணே, இது எங்க ஊட்டு டேப்பு."

"எந்த டேப்பு?"

அவள் பொட்டலக் கதையைச் சொன்னாள். கல்யாணமான புதிதில் முஜீப் கொண்டுபோன பொட்டலம் ஒன்றை, ஷார்ஜாவில் இருந்த பொம்மையார்பாளையத்து ஆள் வாங்க மறுத்துவிட்டாராம். எங்க அம்மா நூல் போட்டுக் கட்டுவாங்க, இதில் யாரோ டேப் ஒட்டியிருக்கிறார்கள், நடுவில் எவனோ கை வைத்திருக்கிறான் என்று பெரிய சண்டை. அதற்குப் பிறகு முஜீப் கிளம்புவதற்கு முன்பே, அங்கே இருப்பவர்களுக்கெல்லாம் ஹசீனாவின் கையெழுத்தைப் படம் எடுத்து அனுப்பிவிடுவாராம். எங்க ஊட்ல பிரிச்சிப் பாத்து ஒட்டினது, இந்தக் கையெழுத்து இருந்தா வாங்கிக்கோ, இல்லன்னா வாங்காத. அன்றோடு சண்டை நின்றது.

"இப்ப இந்த மெயில் புரோகிராமு பொம்மையார்பாளையத்துக்காரரு. அதுமேல தப்பு இல்ல. அதுக்கு யாரும் கையெழுத்தக் காட்டல" என்றாள்.

திருமுருகன் அவளைப் பார்த்தார். சலிப்பு போய்விட்டிருந்தது. "இருபது வருஷமா இத எப்படிச் சொல்றதுன்னு தெரியாம ஓகே குடுங்க ஓகே குடுங்கன்னு சொல்லிக்கினு இருக்கேன். கரெக்டும்மா. ஆன்டிவைரஸோட சான்றிதழ ஒரு தடவ மெயில் புரோகிராமுக்குள்ள ஏத்திட்டா முடிஞ்சிது. இந்த ஆள நம்பலாம்னு அதுக்குத் தெரிஞ்சிடும்."

"ஏத்தறது ஆன்டிவைரஸோடதுதானா, இல்ல அது பேருல வேற எவனோடதான்னு எப்படித் தெரியும்?"

விஜயலட்சுமி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்தக் கேள்விக்குத்தான் அவளும் காத்திருந்தாள்.

"அதுக்கு ஒரு நம்பர் இருக்குது. கைரேகை மாதிரி. ஆன்டிவைரஸுக்குள்ள போயி பாத்தாலும் அந்த நம்பர் தெரியும், எச்சரிக்கை காட்டின சான்றிதழத் தொறந்து, அதக் குடுத்தவரு யாருன்னு பாத்தாலும் தெரியும். ரெண்டும் ஒண்ணா இருந்தா ஒரே ஆளு. ஆனா நீளமா இருக்கும்மா. யாரும் பாக்கறதில்ல. நானே பாத்ததில்ல."

"பாத்துடலாம்" என்றாள் விஜயலட்சுமி.

ஆன்டிவைரஸ் காட்டியதை ஹசீனா பிரிண்ட் எடுத்தாள். எழுத்தும் எண்ணுமாக முப்பத்திரண்டு ஜோடி. விஜயலட்சுமி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளிலிருந்து படிக்க, ஹசீனா எச்சரிக்கை காட்டிய சான்றிதழைத் திரையில் திறந்து அதன் மேல் விரலை வைத்துக்கொண்டே வந்தாள். "மூணு எஃப்." "இருக்குது." "சைபர் ஒம்போது." "இருக்குது." வெளியே பாத்திகளில் உப்பு வாரும் பலகைகளின் சரசரப்புக் கேட்டது. பதினேழாவது ஜோடியில் விஜயலட்சுமி 'பி' என்று படித்ததை, இங்கே எட்டு அல்லவா இருக்கிறது என்று ஹசீனா நிறுத்திவிட்டாள். திருமுருகனும் எழுந்து வந்தார். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அதிலும் எட்டுதான். பிரிண்டரில் மை குறைவு. அந்தப் பிரிண்டரை விஜயலட்சுமி திட்டிய திட்டை இங்கே எழுதுவதற்கில்லை. முப்பத்திரண்டும் ஒத்துப்போயிற்று.

திருமுருகன் சான்றிதழை ஏற்றினார். ஒயரைச் செருகினார்கள். மெயில் புரோகிராம் இந்தத் தடவை முணுமுணுக்கவில்லை. பிறகு அவர் தன் போனிலிருந்து ஒரு மெயில் அனுப்பினார். சோதித்துப் பார்ப்பதற்கென்றே உள்ள பொய் வைரஸாம், கடிக்காது. ஹசீனா அதைத் திறக்கச் சொன்ன மறு நொடி சிவப்பாக ஒரு கட்டம் வந்தது. மெயிலில் இருந்த ஃபைலை அகற்றியாயிற்று, கவலை வேண்டாம். பட்டியலைப் போய்ப் பார்த்தார்கள். ஸ்கேன் செய்த மெயில்கள்: 1.

அந்த ஒன்றைப் பார்த்ததும் ஹசீனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மாதமாகத் தன் கையையே நம்பாமல் இருந்தவள். திருமுருகன் கிளம்பினார். "எதுவும் நூத்துக்கு நூறு கெடையாதும்மா. தெரியாத ஆளு மெயில்னா இன்னமும் தொறக்காதீங்க" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஹசீனா 'நிவி' மெயிலின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு எழுந்தாள். "தொறங்கம்மா. வாசல்லயே பாத்துத்தான் உள்ள வுடுது." அம்பாரத்து நிழலுக்குப் போய் நின்றுகொண்டாள். பங்குனி வெயில் பாத்திகளில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. தூரத்தில் ஆதிமூலம் முழங்கால்வரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்தி வரப்பில் நடந்து போவது தெரிந்தது.

கூப்பிடுவதற்கு வெகுநேரமாயிற்று. கூப்பிட்ட குரலும் சரியாக இல்லை. ஓடினாள்.

விஜயலட்சுமி நாற்காலியைத் திரைக்கு எதிரே அவளுக்காகத் திருப்பிப் போட்டிருந்தாள். "நீயே படி."

"நானாம்மா?"

"படின்றேன்ல."

நாலு வருஷத்தில் முதல் முறையாக ஹசீனா படித்தாள். தமிழ்நிலா ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் உட்கார்ந்து சிரிக்கிற படம். இரண்டு வயசு முடிந்தது, நன்றாகப் பேசுகிறாள், தயிர்சாதத்தில் தனக்கென்று உப்பு போட்டுப் பிசைந்தால்தான் சாப்பிடுகிறாள், தாத்தா மாதிரி. கடைசியில் நாலு வரி.

'அம்மா, இதெல்லாம் நீ படிக்கறியா இல்லையான்னே தெரியாம நாலு வருஷம் எழுதிட்டேன். பதிலே இல்லாத எடத்துக்கு இன்னும் எவ்வளவு நாள் எழுதறது? எனக்கு முடியல. இதுதான் கடைசி. உடம்பப் பாத்துக்கோ.'

இது திறக்கப்படாமலே கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஹசீனா நினைத்துப் பார்த்தாள். விஜயலட்சுமி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

"அவரு சாப்புடணும்னு சத்தியம் பண்ணேன். இப்ப நல்லாத்தான் சாப்புடறாரு" என்றாள். பிறகு, "அடி, ஹசீனா. எனக்குத் தமிழ் அடிக்கத் தெரியாது" என்றாள்.

ஹசீனா கீபோர்டை இழுத்துக்கொண்டாள்.

"பழைய கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு. நீ அனுப்பினது நாப்பத்தொண்ணும் அதுல போயிடுச்சு. அத்தனையும் மறுபடி அனுப்பு." நிறுத்தினாள். "போதுமா?"

"பேரு போடணும்மா."

"போடு."

"என்னன்னு போட?"

விஜயலட்சுமி விரலில் சுற்றியிருந்த தலைப்பை விட்டாள். "அம்மான்னுதான் போடணும். வேற என்ன போடுவ?"

அனுப்பினார்கள். இருபது நிமிஷம் ஆயிற்று. விஜயலட்சுமி நாலு தடவை எழுந்து உட்கார்ந்தாள். பிறகு கம்ப்யூட்டர் ஒரு மணி அடித்தது. நிவி. தலைப்பு இல்லை. உள்ளே எழுத்தும் இல்லை. முதல் மாதம் அனுப்பிய பழைய மெயில் மட்டும் அப்படியே இருந்தது. ஒரு நிமிஷத்தில் இன்னொரு மணி. பிறகு இன்னொன்று. எதிலும் ஒரு புது வார்த்தை கிடையாது. எழுதுவதற்கு அவளுக்குக் கை வரவில்லை போலும். அனுப்பிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொன்றும் வாசலில் நின்று, பார்க்கப்பட்டு, உள்ளே வந்தது. ஹசீனா பட்டியலைத் திறந்து வைத்திருந்தாள். ஒன்பது, பத்து, பதினொன்று என்று எண்ணிக்கை ஏறியது.

இருபதைத் தாண்டியபோது சன்னலில் நிழல் விழுந்தது.

"இன்னா இது, வுடாம மணி அடிச்சிக்கினே இருக்குது?" ஆதிமூலம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை, முழங்கால்வரை வெள்ளை உப்பு. "மறுபடியும் வைரஸா? நான் அப்பவே சொன்னேன். ஒயரப் புடுங்கு மொதல்ல."

ஹசீனாவின் கை ஒயர் பக்கம் போகவில்லை. விஜயலட்சுமியைப் பார்த்தாள்.

"புடுங்குன்றேன்ல. போன தடவ பட்டது போதாதா?"

"வைரஸ் இல்ல" என்றாள் விஜயலட்சுமி. எழுந்து சன்னலுக்கு எதிரே போய் நின்றாள். குரல் தாழவில்லை. "நிவேதா அனுப்பறா. நாலு வருஷமா அனுப்பறா, நான் படிக்கறேன். இன்னிக்குச் சத்தியத்த மீறி எழுதியும் போட்டுட்டேன். உங்களுக்கு ஒரு பேத்தி இருக்கறா. ரெண்டு வயசு முடிஞ்சிருக்குது. சோத்துல தனியா உப்பு போட்டாத்தான் திம்பாளாம்."

ஆதிமூலம் திரைப்பக்கம் ஒரு தரம் பார்த்தார். கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்தார். கம்ப்யூட்டர் மறுபடி மணி அடித்தது. அவர் சன்னலைவிட்டு நகர்ந்துவிட்டார்.

போய்விட்டார் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள். இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுத் தட்டு என்ன ஆகுமோ என்று விஜயலட்சுமி நினைத்திருப்பாள். அவள் நாற்காலியில் தளர்ந்து உட்கார்ந்தாள். ஹசீனா அவள் தோளைத் தொட்டாள். முதலாளியம்மாவைத் தொடுவது அதுதான் முதல் தடவை.

அப்போது வாசலில் சத்தம் கேட்டது. தொட்டியில் யாரோ தண்ணீர் மொண்டார்கள். ஒரு ஜக்கு ஊற்றினார்கள். பிறகு இன்னொரு ஜக்கு.

ஹசீனா சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். ஆதிமூலம் ஒற்றைக் காலில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, கணுக்காலில் காய்ந்திருந்த உப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.